ஏழு வருஷத்துப் பதனி

திருநெல்வேலிச் சீமையில் செம்மணல் தேரியும் பனங்காடுமாகக் கிடக்கும் தென்பகுதியில், முதலில் உபதேசியாராகவும் பின்பு குருப்பட்டம் பெற்ற ஐயராகவும் முப்பத்தாறு வருஷம் சபை ஊழியம் செய்து, சென்ற வருஷம் ஓய்வு பெற்றவன் நான். ஐயர் உத்தியோகம் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் கல்யாணமும் அடக்க ஆராதனையுமே என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவனுக்கோ அதில் முக்கால் பங்கு காணிக்கைக் கணக்கும், கோயில் கூரையின் ஒழுக்கும், அண்ணன் தம்பி வரப்புத் தகராறும், படிக்க வராத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு, பதனி காய்ச்சுகிற விடிலி விடிலியாய் அலைவதுமாகவே கழியும். இந்த இரைச்சலுக்கு நடுவே, கேட்பவனுக்குச் சுலபமாகவும் சொல்ல வேண்டியவனுக்கு மகா சங்கடமாகவும் அமைந்த ஒரு கேள்வி, என் ஊழியக் காலம் முழுவதும் ஊர் மாறினாலும் என்னை விடாமல் பின்தொடர்ந்து வந்தது. பாவத்தை மன்னிப்பதற்குக் கடவுளுக்குப் பலி எதற்கு என்பதே அது.

1931-ஆம் வருஷம் லெந்து நாட்களில் அந்தக் கேள்வி முதன்முறையாக என் முகத்துக்கு நேரே வந்தது. திடப்படுத்தல் பெறவிருந்த பதினொரு பிள்ளைகளைக் கோயில் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, பனையேறிகள் கலயத்தோடு இறங்கிவரும் சாயங்கால வேளையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முந்தின இரவு ஊருக்கு மேற்கே சுடலைமாடன் கொடை. வில்லுப்பாட்டும் மேளமும் விடியும்வரை ஓயவில்லை. பீடத்துக்கு முன்னால் மணல் கருஞ்சிவப்பாய் உறைந்து ஈ மொய்த்துக் கிடந்ததைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒரு பையன், வஞ்சகமில்லாமல், "ஐயா, சுடலைக்கும் ரத்தம் வேணும், நம்ம ஆண்டவருக்கும் ரத்தம் வேணும்னா, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான்.

எங்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே கற்றுக்கொடுத்த கதை ஒன்று கைவசம் இருந்தது. நீதிபதி ஒருவர், குற்றவாளிக் கூண்டில் அவருடைய பால்ய சிநேகிதன், நீதி வழுவாமல் அபராதம் விதித்துவிட்டு, ஆசனத்திலிருந்து இறங்கிவந்து அந்த அபராதத்தைத் தம் கைப்பணத்திலிருந்து தாமே கட்டிவிடுகிறார். நீதியும் நின்றது, சிநேகமும் நின்றது. இதை நான் கொஞ்சம் நாடகமாகவே சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி எழுந்து நின்றாள்.

"அபராதம்னா சரிதான் ஐயா, ரூவாயை யாரு கெட்டினாலும் ரூவாதான். தூக்குல போடணும்னு தீர்ப்புச் சொன்னா, தப்புப் பண்ணாத வேற ஒருத்தரைத் தூக்குல போட்டுக்கிடுங்கன்னா சர்க்கார் ஒத்துக்கிடுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராத வாத்தியார்களுக்கு வருகிற கோபம் மாத்திரம் வந்தது. அவளை அதிகப்பிரசங்கி என்று அதட்டி, தண்டனையாக ஏசாயா தீர்க்கதரிசியின் ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தைப் பன்னிரண்டு வசனமும் மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லி உட்காரவைத்தேன். அவள் மறுவாரமே ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். என் கடன்தான் அப்படியே நின்றது.

அந்தக் கடனை அடைக்கிற வழியில் எனக்கு முதல் குருவாக வாய்த்தவர், நான் படித்த வேதசாஸ்திரப் பள்ளியின் ஆசிரியர் எவரும் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர். முன்னாளில் சாமியாடியாக இருந்து, ஐம்பது வயதுக்குமேல் ஞானஸ்நானம் பெற்றவர். இரவில் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. சாதாரணமாகப் பிரசங்கிகள் லேவியராகமத்தை எட்டிக் கடந்து போய்விடுவார்கள். கிழவருக்கோ அந்தப் புஸ்தகம் தேனாய் இருந்தது. கிடா வெட்டுகிற விஷயம் அவருக்குத் தெரிந்த விஷயமல்லவா? ஒச்சமில்லாத ஆடாகப் பொறுக்குவது, மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, ஆடு உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறும்வரை ஊரே மூச்சடக்கிக் காத்து நிற்பது, உதறியதும் குலவை எழும்புவது, எல்லாவற்றையும் நேரில் காண்பதுபோல் சொல்லுவார். "உதறிட்டா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். உதறலைன்னா எங்க வயித்துல புளியைக் கரைக்கும்" என்பார்.

ஒருநாள் பாவநிவாரணபலியின் முறையை வாசித்துக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பலி கொண்டுவருகிறவன் ஆட்டின் தலைமேல் தன் கையை வைக்க வேண்டும்; பிறகு அவனே அதைக் கொல்ல வேண்டும்; இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தில் பூசுவதிலிருந்துதான் ஆசாரியனுடைய வேலை ஆரம்பிக்கிறது. நான் பத்துத் தடவை படித்தும் கண்ணில் படாத விவரம். "வெட்டுறது பூசாரி இல்லையா? குத்தம் பண்ணினவனேவா?" என்று இரண்டு முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, வெகுநேரம் பேசாமலிருந்தார். "நாங்க வெட்டுறதுக்குன்னு ஒரு ஆளை வச்சிருந்தோம் உபதேசியாரே. நேந்துக்கிட்டவன் தள்ளித்தான் நிப்பான், சட்டையில ஒரு சொட்டுப் படாது" என்றார். தன் குற்றத்துக்கு ஓர் உயிர் துடிப்பதைத் தன் கையாலேயே உணர்ந்தவன் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் குற்றத்தை அற்பமென்று நினைக்கமாட்டான் என்பதை அந்த ஒற்றை வாக்கியத்தில் எனக்கு அவர் கற்பித்தார்.

இன்னொன்றையும் அவருக்கு வாசிக்கும்போதுதான் நான் கவனித்தேன். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் எப்பாவில் பத்திலொரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவந்தால் போதும். அதில் எண்ணெயும் வேண்டாம், தூபவர்க்கமும் வேண்டாம். அந்த மாவே பாவநிவாரணபலியாக எண்ணப்படும். இரத்தம் ஒரு சொட்டும் இல்லாத பாவநிவாரணபலி! இரத்தமின்றி மன்னிப்பில்லை என்று மேடையை அடித்துப் பேசுகிற நாங்கள், எபிரெய நிருபத்தை எழுதியவர் அந்த இடத்திலேயே ‘கொஞ்சங்குறைய’ என்று ஒரு சொல்லைப் போட்டுவைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். இரத்தத்துக்குத் தாகமெடுத்த தெய்வம் ஏழையின் கைப்பிடி மாவை ஏற்காது. அப்படியானால் அங்கே கேட்கப்படுவது வேறு ஏதோ. இரத்தத்தில் ஜீவன் இருக்கிறது என்றும், அதைப் பலிபீடத்தின்மேல் பாவநிவிர்த்திக்காக உங்களுக்கு நானே கொடுத்தேன் என்றும் பொருள்படக் கடவுள் பேசுகிற இடம் அதே புஸ்தகத்தில் வருகிறது. கொடையில் மனுஷன் கொடுக்கிறான், சாமி வாங்கிக்கொள்கிறது. இங்கே கொடுக்கிறவர் என்று சொல்லப்படுகிறவர் கடவுள். பையனுடைய கேள்விக்கு விடை இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று எனக்கு லேசாகத் தட்டுப்பட்டது அப்பொழுதுதான்.

பாவநிவாரண நாளில் நடக்கும் கிரியையைக் கேட்டபோது கிழவர் சிரித்துவிட்டார். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஏழாம் மாசம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் தன் வழக்கமான அலங்கார உடையைக் களைந்து வெறும் சணல்நூல் உடையோடு, முதலில் தன் பாவத்துக்காகவே ஒரு காளையைப் பலியிட்டுவிட்டு, பிறகுதான் ஜனங்களின் பாவத்துக்காக உள்ளே பிரவேசிக்கிறான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள், மற்றதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, ஆளில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். இந்த இரண்டாவது ஆட்டுக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘போக்காடு’ என்று பேர் வைத்தார்கள். அதைவிட அழகான தமிழ்ச் சொல் வேதாகமத்தில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். "பூசாரிக்கே முதல்ல பரிகாரமா! அது நல்ல சட்டம்" என்றதுதான் கிழவர் சிரித்ததற்குக் காரணம். சிரித்து முடித்தபின், "ஒரு ஆடு செத்துது, ஒரு ஆடு சுமந்துக்கிட்டுப் போயிட்டு. ரெண்டும் வேணும் போலிருக்கு" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

சொற்களைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தொழிலுக்குச் சொல்தான் கருவி. அரிவாள் மழுங்கினால் பாளை சீவ முடியாது. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்ட நாளிலிருந்து, 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவார் முழு வேதாகமத்தையும் வெளியிட்ட நாள்வரை, பலி, பரிகாரம், பிராயச்சித்தம், நிவாரணம் என்று இந்த நாட்டில் ஏற்கெனவே பொருள் ஏறியிருந்த சொற்களைக் கொண்டுதான் இந்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சுடலைக்கும் பலி, சிலுவையிலும் பலி என்றால் பையன் குழம்பாமல் என்ன செய்வான்? ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ‘கிருபாதாரபலி’ என்று ஒரு கூட்டுச்சொல் வருகிறது. நான் பல வருஷம் அதை ‘பலி’ என்கிற கடைசித் துண்டின்மேல் பாரத்தைப் போட்டே பிரசங்கித்து வந்தேன். பிற்பாடு கிரேக்கம் கொஞ்சம் கற்றுக்கொண்டபோது தெரிந்தது, மூலத்திலுள்ள ‘ஹிலாஸ்டெரியோன்’ என்கிற அதே சொல்தான் எபிரெய நிருபத்தில் ‘கிருபாசனம்’ என்று தமிழாக்கப்பட்டிருக்கிறது என்பது. கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி. பிரதான ஆசாரியன் வருஷத்துக்கொருமுறை இரத்தம் தெளிக்கிற இடம். கடவுள் மனுஷனைச் சந்திக்கிற இடம். பவுல் அப்போஸ்தலன் காலத்து எருசலேம் ஆலயத்திலோ, பாபிலோனியர் நகரத்தை அழித்ததுமுதல், அந்தப் பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. திரைக்கு உட்புறம் வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெறுமையை அறிந்த ஒரு யூதர், காணாமற்போன கிருபாசனம் இதோ, ஊருக்கு வெளியே ஒரு மரத்தில், எல்லாரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினால், அவர் வெறும் பலியைப் பற்றி மாத்திரம் பேசவில்லை.

சபைக்குள்ளே இந்தச் சமாசாரங்களைப் பேசுவது ஒரு விதம். வெளியே பேசுவது வேறு விதம். நான் மாற்றலாகிப் போன ஊரொன்றில் போர்டு உயர்தரப் பாடசாலைத் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் எனக்குச் சிநேகிதமானார். நெற்றி நிறையத் திருநீறு, சித்தாந்தத்தில் ஆழ்ந்த பயிற்சி, மாலையில் ஆற்றங்கரை மணலில் என்னோடு வாதாடுவதில் அளவற்ற உற்சாகம். "செய்த வினையைச் செய்தவன் அனுபவித்துத் தீர்க்க வேண்டும் ஐயரே. ஒருவன் உண்டால் இன்னொருவனுக்குப் பசி தீருமா? உம்முடைய கடவுளுக்கு மன்னிக்க மனமிருந்தால் சும்மா மன்னித்துவிடுகிறதுதானே? மனமில்லாவிட்டால் குமாரனைக் கொன்றதும் மனம் வந்துவிட்டதா?" என்று கேட்பார். இந்த நாட்டில் சிலுவையைப் பற்றிப் பேசத் துணிகிற எவனும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். சென்னையில் சக்கரை செட்டியார் 1932-இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் எதிரெதிரே நிறுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். எனக்கு அவ்வளவு வித்துவம் இல்லை. ஆகையால் ஒருநாள், வாதத்துக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "பண்டிதரையா, பாற்கடலைக் கடைந்தவர்கள் வேறே, கிளம்பிய விஷத்தைக் குடித்தவர் வேறே. வினை கடைந்தவர்களைத்தானே சேரவேண்டும்? உங்கள் பெருமான் ஏன் குடித்தார்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சநேரம் மணலைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "அது தண்டனை இல்லை ஐயரே, கருணை. விஷம் வெளியே கிடந்தால் உலகம் தாங்காது. யாராவது உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும், தாங்கக்கூடியவர் வாங்கிக்கொண்டார்" என்றார். பிறகு உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆனால் எங்கள் பெருமான் சாகவில்லை, கவனித்துக்கொள்ளும்!" என்று விரலை ஆட்டினார். வித்தியாசம் பெரிதுதான், அதை மறைக்க நானும் விரும்பவில்லை. என்றாலும் ‘தண்டனை இல்லை, கருணை’ என்கிற அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டுதான் அன்றிரவு வீடு திரும்பினேன்.

மேல்நாட்டுச் சாஸ்திரிகள் இதைப்பற்றி எழுதியவற்றையும் என் சக்திக்கு எட்டியவரை படித்தேன். கண்டர்பரி அத்தியட்சராயிருந்த அன்செல்ம், கடவுள் மனிதரானது ஏன் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு 1098-இல் முடித்த நூலில், பாவம் என்பது கடவுளுடைய மகிமைக்கு மனுஷன் வைத்த பாக்கி, அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவன் மனுஷன், தீர்க்க வல்லவர் கடவுள், ஆதலால் இருவருமான ஒருவர் தேவை என்று தர்க்கம் செய்கிறார். நல்ல கட்டுமானம், ஆனால் பிரபுக்களும் அவர்களுக்கு அடங்கியவர்களுமாய் வாழ்ந்த காலத்தின் வாசனை அதில் வீசுகிறது. 1948-இல் நம் மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அன்செல்முடைய உபமானமும் சேர்ந்து ஒழிந்ததோ என்று விளையாட்டாக நினைத்ததுண்டு. அவருக்குப் பின்வந்த அபெலார்டு, சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் உள்ளத்தைக் கரைப்பது என்பதற்கே அழுத்தம் கொடுத்தார். ஜான் கால்வின் சட்டம் படித்தவர். ஆகவே அவர் கையில் விஷயம் நியாயஸ்தலத்துக்குள் பிரவேசித்ததில் ஆச்சரியமில்லை. என் நீதிபதிக் கதைக்கும் பாட்டன் அவர்தான். 1930-இல் சுவீடன் தேசத்து ஆவ்லேன் என்பவர், ஆதித் திருச்சபை சிலுவையை ஜெயமாகத்தான் கண்டது என்று எடுத்துக்காட்டினார். வேடிக்கை என்னவென்றால், 325-இல் கூடிய நிசேயா சங்கமாகட்டும், அதற்குப் பின் கூடிய ஆதி மகாசங்கங்களாகட்டும், கிறிஸ்து யார் என்பதற்கு அட்சரம் அட்சரமாக வரையறை செய்தனவே தவிர, அவருடைய மரணம் எவ்விதம் பாவத்தைத் தீர்க்கிறது என்பதற்கு ஒரு வரையறையும் விதிக்கவில்லை. ‘நமக்காக’ என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த ‘நமக்காக’ எனக்கு விளங்கியது ஒரு விடிலியில். சம்பந்தப்பட்ட இருவரும் இன்று உயிருடன் இல்லை. இதைப் பிறருக்குச் சொல்ல அவர்கள் இருந்தபோதே என்னை அனுமதித்திருந்தார்கள். ஊர்ப்பேரை மாத்திரம் விட்டுவிடுகிறேன்.

கருப்பட்டி வியாபாரி ஒருவர், சபைக் கமிட்டியில் முக்கியஸ்தர், ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மகனுக்கு விஷக் காய்ச்சல், இருபத்தொரு நாளாகியும் இறங்கவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு இரண்டு கிடா நேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, போகாமல் நின்றார். எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்பது பெரிய விசேஷம். ஊர் ஜனங்கள் நேர்ச்சையாகக் கொடுக்கிற ஆட்டையும் அரிசியையும் அண்டாக்களில் ஆக்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உண்பார்கள். 1950-இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் வந்த சமயத்தில், எங்கள் அசனக் கிடாக்களையும் சர்க்கார் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் நடுங்கிப்போய் என்னிடம் வந்தது ஞாபகம் வருகிறது. அது பலியல்ல, விருந்து என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். லேவியராகமத்தின் சமாதானபலியும் கொண்டுவந்தவனே உறவினரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் என்பதை அவரிடம் சொல்லி அவருடைய பயத்தைப் புதுப்பிக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

நின்றுகொண்டிருந்த வியாபாரி மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஏழு வருஷத்துக்கு முன் பனையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவனுடைய பதினெட்டுப் பனைகளை, அவன் பட்ட கடனுக்கு என்று எழுதின ஒரு பத்திரத்தில் விதவையின் பெருவிரல் ரேகையை வாங்கித் தம் பேருக்கு ஆக்கிக்கொண்டிருந்தார். கடன் பன்னிரண்டு ரூபாய்; பத்திரத்தில் நூற்றிருபது. நான் விளக்கைத் தூண்டிக்கொண்டு, குற்றநிவாரணபலியைப் பற்றிய சட்டத்தை எடுத்து வாசித்தேன். வஞ்சித்ததை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடா அதன் பிறகுதான். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"கிறிஸ்து எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டாரு, நாம செய்ய ஒண்ணுமில்லைன்னு போன வெள்ளிக்கிழமைதானே ஐயரே பிரசங்கம் பண்ணினீங்க?" என்றார்.

என் அரிவாளே என் கையை வெட்டிற்று. பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். அடுத்த வாரம் என்மேல் மேலிடத்துக்கு மனுப் போயிற்று. சுவிசேஷத்தை விட்டு நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறேன் என்பது அதிலுள்ள புகார். விசாரணைக்கு வந்தவரும் எனக்கு அனுகூலமாகப் பேசவில்லை. மகனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆகவே அத்தோடு முடிந்ததென்றே நினைத்தேன். ஆனால் நாலு மாசம் கழித்து அவரே மறுபடி வந்து, ராத்திரியில் தூக்கமில்லை என்று மாத்திரம் சொன்னார். பதினெட்டில் ஐந்திலொரு பங்கு மூன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. பனையைத் துண்டுபோட முடியாதென்பதால் நாலாக வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு பனைக்குப் பத்திரம் எழுதினோம்.

இருவருமாகப் போனபோது அந்த அம்மாள் கூலிக்கு வேறொருவர் விடிலியில் பதனி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பொங்கி வருகிற நுரையை ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கிக்கொண்டே, அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவர் காலில் விழுவதுபோல் குனிந்தார், அவள் விலகிக்கொண்டாள். ஏழு வருஷமாக எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் அவள். துடுப்பை இரண்டு சுற்று சுற்றியபின் பேசினாள்.

"பனை வந்திட்டு, சரி. கூட நாலும் வந்திட்டு. ஏழு வருசத்துப் பதனி? மூத்தவனை அஞ்சாம் வகுப்போட நிறுத்தி உப்பளத்துக்கு அனுப்பினேனே, அந்தப் படிப்பு? அதை இவரு நினைச்சாலும் தர முடியாது." மறுபடி துடுப்பு. "மன்னிச்சேன்னு நான் சொல்லணும்னா, அதை நான்தான் முழுங்கணும். வேற யாரு முழுங்குவா? முழுங்கிக்கிடுதேன் ஐயா. போகச் சொல்லுங்க."

அந்தப் புகையில் எனக்குக் கண் கரித்தது புகையினால் மாத்திரம் அல்ல. குற்றம் செய்தவன் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதை அவன் கொடுத்தே ஆகவேண்டும். அவனால் ஒருக்காலும் திருப்பிக் கொடுக்க முடியாதது ஒன்றும் உண்டு. அது ஆவியாகிப் போவதில்லை. பழிவாங்கினால் அவன் தலையில் விழும். மன்னித்தால் மன்னிக்கிறவள் வயிற்றுக்குள் போகும். ‘சும்மா மன்னித்தல்’ என்று பண்டிதர் சொன்னதும் நான் பலமுறை சொன்னதும் உலகத்தில் எங்குமே நடந்திராத காரியம். கடவுள் மன்னிக்கிறார் என்றால் அவருடைய ஏழு வருஷத்துப் பதனியை அவர்தான் முழுங்க வேண்டும். கிறிஸ்துவுக்குள் கடவுளே இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் சொல்வதற்கு அதற்குக் குறைந்த அர்த்தம் கிடையாது. சிலுவையில் தொங்கினவர், கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மூன்றாம் ஆளாக இருந்தால், என் வகுப்புப் பெண் கேட்டதுதான் நியாயம்; எந்தச் சர்க்காரும் ஒத்துக்கொள்ளாது. அவர் மூன்றாம் ஆள் அல்லர் என்பதே எங்கள் விசுவாசப் பிரமாணம். நீதிபதியும் அபராதமும் அன்றிலிருந்து என் பிரசங்கத்தில் வரவில்லை. கோபமே இல்லாத கடவுளை நீர் உற்பத்தி செய்கிறீர் என்று சக குருவானவர் ஒருவர் குறைப்பட்டார். ஏழு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்குக் கோபமில்லை என்று நான் எங்கே சொன்னேன்?

சென்ற தை மாசம், தாழ்வாரத்து வகுப்பில் தூக்குத் தண்டனையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். பெண் என்ன, நாற்பத்தைந்து வயது. பாடசாலைத் தலைமை ஆசிரியை. தன் ஊர்ச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு அவள்தான் நடத்துகிறாளாம். முப்பத்தொரு வருஷத்துக் கடனுக்கு அசலாவது கொடுப்போமென்று, அதிகப்பிரசங்கி என்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்து, "அந்த அதிகாரம் இன்னும் மறக்கலை ஐயா" என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒப்பிக்க ஆரம்பித்தாள். பத்தாவது வசனத்தில் நின்றுவிட்டாள்.

"ஐயா, இந்த இடத்துல பாவநிவாரணபலின்னு இல்லை, குற்றநிவாரணபலின்னுல்லா போட்டிருக்கு?"

"ஆமாம். எபிரெயத்திலும் அப்படித்தான்."

"அப்போ அஞ்சில் ஒரு பங்கு கூட்டிக் குடுக்கணுமே. அதை யாரு யாருக்குக் குடுத்தா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, உள்ளே போய் வேதாகமத்தைக் கொண்டுவந்தேன்.